முடிக்குக் காவல் இருந்த சித்தப்பா

அப்பா ஓடி வந்த அந்த நடுப்பகல்தான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது. வெறுங்கால்கள், முழங்கால் வரை செம்மண், இடுப்பில் காவி வேட்டி. நெற்றியில் இரண்டு நாளாகக் கழுவாத செந்தூரக் கோடு வியர்வையில் கரைந்து மூக்கு வரை இறங்கியிருந்தது. நான் வாசலில் உட்கார்ந்து வேகவைத்த நிலக்கடலையை உரித்துத் தின்றுகொண்டிருந்தேன். எனக்கு அப்போது ஆறு வயது. அப்பா என்னை வாரித் தூக்கி, இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தேள் கொட்டிருச்சுன்னு சொன்னாங்களே சாமி, எங்க வலிக்குது?" என்றார். எந்தத் தேளும் என்னைக் கொட்டியிருக்கவில்லை. அவர் கேட்டது புரியாமல், கையிலிருந்த கடலையை அவர் வாயில் வைத்தேன். அவர் அதை மெல்லவும் இல்லை, துப்பவும் இல்லை. அப்படியே நின்றார்.

அவருக்குப் பின்னால் சித்தப்பா மூச்சிரைக்க வந்து நின்றார். தேள் கொட்டியது என்ற செய்தியைத் தோப்புக்குக் கொண்டுபோனவர் அவர்தான். அந்தச் செய்தி பொய் என்பது அடுத்த நொடியே தெரிந்துவிட்டது. ஆனால் அதற்குள் அப்பா எல்லைக்கல்லைத் தாண்டியிருந்தார். எங்கள் குடும்பத்தின் கதை அந்த ஓட்டத்தில் இரண்டாக உடைந்தது. அதற்குப் பிறகு பதினெட்டு ஆண்டுகள் நான் சித்தப்பாவைச் சந்தேகித்தேன். போன மாதம் அவர் இறந்துபோனார். அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால், இப்போதும் என் பேனா ஒரு விசாரணை அதிகாரியைப் போலவே நடந்துகொள்கிறது.

எங்கள் ஊர் கர்நாடகத்து ஹனூரிலிருந்து பேருந்தில் முக்கால் மணி நேரம். மலையடிவாரம், மானாவாரி நிலம், ராகியும் நிலக்கடலையும். பேச்சு தமிழ், பத்திரங்கள் கன்னடம். மாசி மாதத்தில் அங்கே கூத்து நடக்கும். மூத்தவன் முடியைத் துறந்து காட்டுக்குப் போக, இளையவன் நாட்டைக் காவல் காக்கிற கதை. நாட்டில் அதைக் கேட்காதவர்கள் இல்லை. மற்ற ஊர்களில் அதை ஆடிவிட்டு வேஷத்தைக் கலைத்துவிட்டுத் தூங்கப் போவார்கள். எங்கள் ஊரில் கூத்து முடிந்த பிறகுதான் உண்மையான கதை ஆரம்பமாகும். ராஜா வேஷம் கட்டும் உரிமை எங்கள் வீட்டுக்கு. வனவாசக் கட்டம் முடிந்த காலையில் ராஜா வெறுங்காலோடு நடந்து எல்லைக்கல்லைத் தாண்டி, அந்தப் பக்கம் இருக்கும் புளியந்தோப்பில் மூன்று நாள் தங்க வேண்டும். பதினான்கு ஆண்டு வனவாசத்தை ஊர் மூன்று நாளாகச் சுருக்கி வைத்திருந்தது. கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கி, கண்ணாடிச் சில்லும் ஜிகினாத் தாளும் ஒட்டிய முடி, வீட்டின் நடுவே ஒரு முக்காலியில் இருக்கும். ராஜாவின் தம்பி அதன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து காவல் இருக்க வேண்டும். முக்காலியை விட உயரமாக உட்காரக் கூடாது. அந்த வீட்டுச் சோற்றைத் தின்னக் கூடாது.

நான்காம் நாள் காலை, ஊரே மேளத்தோடு கல்லுக்குப் போகும். ஊர்ப் பெரியவர் கல்லுக்கு இந்தப் பக்கம் நின்று, "யார் கூப்பிட்டு வந்தாய்?" என்று கேட்பார். "ஊர் கூப்பிட்டது, வந்தேன்" என்று ராஜா சொல்வார். அதன் பிறகு முடி. மூன்று நாள் முடிவதற்கு முன்னால் ராஜா கல்லைத் தாண்டினால், அவருக்கு இனி முடி இல்லை. அடுத்த தம்பிக்குப் போய்விடும். இதில் ஒரு விலக்கு உண்டு. வேறு ஒருவர் ஏமாற்றி அழைத்து வந்தார் என்று ராஜா பெயர் சொல்லிச் சொன்னால், முடி அவரிடமே இருக்கும். பெயர் சொல்லப்பட்டவரின் வீட்டோடு மூன்று தலைமுறைக்கு ஊர் நெருப்பும் நீரும் பங்கிடாது.

அன்று பெரியவர் எங்கள் வாசலுக்கே வந்துவிட்டார். கூட்டம் கூடிவிட்டது. அவர் அப்பாவிடம் அந்தக் கேள்வியைக் கேட்டார்: "யார் கூப்பிட்டு வந்தாய்?" அப்பா என்னை இடுப்பில் வைத்தபடியே சித்தப்பாவைப் பார்த்தார். சித்தப்பா தரையைப் பார்த்தார். அம்மா கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாள். அப்பா, "யாரும் கூப்பிடலை. நானேதான் வந்தேன்" என்றார். அவ்வளவுதான். அந்த வருடம் முடி சித்தப்பாவின் தலைக்குப் போனது. அடுத்த மாதம் நாங்கள் மூன்று பேரும், இரண்டு சாக்குப் பைகளும், ஒரு டிரங்குப் பெட்டியுமாக மைசூருக்குப் பேருந்து ஏறினோம். அப்பா ஜன்னலோரம் உட்காரவில்லை. பேருந்து எல்லைக்கல்லைத் தாண்டும்போது அவர் குனிந்து சாக்கின் கயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தார். அது ஏற்கெனவே இறுக்கமாகத்தான் இருந்தது.

மைசூரில் அப்பா கொத்தனார் ஆனார். ஹெப்பாள் பக்கம் ஆலைகளும் கணினி நிறுவனங்களும் எழும்பிக்கொண்டிருந்த காலம் அது. இன்று கம்பெனிப் பேருந்துகள் வரிசையாக நுழையும் பல மதில்களில் அவர் வைத்த செங்கல் இருக்கிறது. எங்கள் ராஜா பட்டம் எப்படியோ நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளுக்கும் வந்து சேர்ந்துவிட்டது. தசராவுக்கு ஊரே அரண்மனை வீதியில் கூடும்போது அப்பா வீட்டிலேயே இருப்பார். பக்கத்து வீட்டுக்காரர், "ஏனு ராஜரே, ஜம்பூசவாரிகெ ஹோகல்வா?" என்று வேண்டுமென்றே கேட்பார். யானை ஊர்வலத்துக்குப் போகவில்லையா என்று அர்த்தம். அதற்கு அம்மா உள்ளிருந்து தமிழில், "ஒரு ராஜா இன்னொரு ராஜாவை வேடிக்கை பார்க்கப் போவாங்களா?" என்பாள். அப்பா சிரிப்பார். அந்தச் சிரிப்பை நான் ஒருபோதும் நம்பியதில்லை.

நான் பள்ளிக்கூடம் போனேன். எங்கள் வம்சத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். இதைச் சொல்லும்போது என் கழுத்து சற்று நிமிர்வது எனக்கே தெரியும். அதை மறைக்க எனக்கு விருப்பமில்லை. கன்னட வழியில் படித்தேன். எட்டாம் வகுப்பு விடுமுறையில், ஒரு பழைய நாட்காட்டியின் கிழமைப் பெயர்களை வைத்துத் தமிழ் எழுத்தை நானாகவே கற்றுக்கொண்டேன். வரலாறு எடுத்து முதுகலை முடித்தேன். இப்போது ஒரு கல்லூரியில் பகுதிநேர விரிவுரையாளர். பட்டத்தை இழந்து வேற்றூரில் வாழ்ந்த சிற்றரசர்களைப் பற்றி ஆய்வு செய்கிறேன். ஏன் இந்தத் தலைப்பு என்று நேர்காணலில் கேட்டார்கள். ஏதோ கல்வெட்டு, ஆவணம் என்று பதில் சொன்னேன். உண்மையான பதில் எங்கள் வீட்டு வாசலில் கடலை தின்றுகொண்டிருந்தது.

துரத்தப்பட்ட அரசர்களின் கதைகளைப் படிக்கப் படிக்க என் சந்தேகம் வளர்ந்தது. வனவாசம் போனவரைப் பற்றி எல்லோரும் பாடுகிறார்கள். எந்த மரத்தடியில் தூங்கினார், எந்த ஆற்றைக் கடந்தார் என்றெல்லாம் கணக்காகச் சொல்கிறார்கள். அவர் இல்லாத காலத்தில் அரண்மனையில் இருந்தவரைப் பற்றி, பக்தியோடு காத்திருந்தார் என்று ஒரே வரிதான். அந்த ஒரு வரியை எழுதியவர் யாரிடம் சம்பளம் வாங்கினார்? வெள்ளைக்காரர்கள் ஒரு அரசரை வேறு ஊருக்கு அனுப்பினால், அவருடைய உடல்நலத்துக்காக என்று எழுதி வைப்பார்கள். அண்ணன் தம்பிக்குள் நடந்தால் அதற்குத் தியாகம் என்று பெயர். நான் மாணவர்களுக்குச் சொல்வது ஒன்றுதான். ஒருவர் வெளியேற்றப்பட்டால், யார் வெளியேற்றினார் என்று தேடாதீர்கள், அது எளிதில் கிடைக்காது. அவர் போனதால் யாருக்கு என்ன கிடைத்தது என்று தேடுங்கள். அந்தக் கேள்வியைப் பலகையில் எழுதும்போதெல்லாம் நான் சித்தப்பாவின் முகத்தைத்தான் நினைத்துக்கொள்வேன்.

அவர் ஒவ்வொரு வருடமும் கூத்து முடிந்த வாரம் மைசூருக்கு வருவார். தோளில் ஒரு பை. அதில் அவரைக்காய், ராகி மாவு, கோயில் பொங்கல். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "அண்ணி, வந்துட்டேனுங்க" என்பார். அப்பா உடனே சட்டையை மாட்டிக்கொண்டு, "ஒரு வேலை கிடக்குது" என்று வெளியே போய்விடுவார். தம்பியை அவர் ஒரு நாளும் திட்டியதில்லை. தம்பியோடு ஒரே அறையில் இருந்ததும் இல்லை. ஒரே ஒரு முறை, நான் நச்சரித்தபோது, "அவன் பேரை என்ற வாயால சொல்லியிருந்தா மூணு தலைமுறைக்கு அவனுக்கு ஊர்ல நெருப்புக் கிடைச்சிருக்காது. விடு கண்ணு" என்றார். விடு என்று சொன்னாரே தவிர, அவர் விடவில்லை என்பது அந்தச் சட்டைப் பொத்தான்களை அவர் மாட்டுகிற வேகத்தில் தெரியும்.

நான் வெளியே போக மாட்டேன். எதிரில் உட்கார்ந்து அவரைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். பதினான்கு பதினைந்து வயதில் எனக்கு நாக்கு நீளம்.

"மகாராஜா பஸ்ல வந்தீங்களா, பல்லக்குல வந்தீங்களா?"

"நின்னுக்கிட்டே வந்தேன் அம்மிணி. கொள்ளேகால் வரைக்கும் சீட்டு கிடைக்கலை. ராஜான்னு சொல்லிப் பார்த்தேன், கண்டக்டர் நம்பலை."

"நாங்களும் நம்பலை."

"அதுசரி" என்று சிரிப்பார். பெரிய தலை, முன் வழுக்கை, மேல் வரிசையில் ஒரு பல் இல்லாத சிரிப்பு. கோபப்படாத மனிதர்கள் மீது எனக்கு எப்போதும் கூடுதல் சந்தேகம். குற்றம் இல்லாதவன் கோபப்பட்டிருப்பான் என்று நினைத்துக்கொள்வேன். அவர் கொண்டுவந்த பொங்கலை நான் தொட்டதில்லை. அம்மா அதைச் சாப்பிடுவாள். அதைப் பார்க்கும்போது எனக்கு அம்மா மீதும் எரிச்சலாக வரும். அப்பாவின் இடத்தைப் பிடித்தவர் தருவதை இவள் எப்படி விழுங்குகிறாள்? சித்தப்பா போகும்போது என் புத்தகங்களை ஒருமுறை பார்ப்பார். எடுக்க மாட்டார், விரலால் முதுகைத் தடவிவிட்டு, "இத்தனையும் படிச்சாச்சா?" என்று கேட்பார். வீட்டை அளக்க வந்தவர் போலப் பார்க்கிறார் என்று அதையும் என் மனதில் அவருக்கு எதிராகப் பதிவு செய்துகொண்டேன்.

ஆய்வு தொடங்கிய வருடம் எங்கள் ஊர் வழக்கத்தையும் ஒரு இயலில் சேர்க்க நினைத்து, ஊருக்குப் போய் வந்தேன். அப்பாவிடம் சொல்லவில்லை. பெரியவரின் மகன், பூசாரி, மேளக்காரர், வேஷக்காரர்கள் இருவர், எல்லோரிடமும் பேசி விதிகளை எழுதிக்கொண்டேன். முக்காலியின் உயரம் வரை எழுதினேன். முடி தலைமாறியதால் யாருக்கு என்ன கிடைத்தது என்றும் கேட்டேன். எல்லோரும் சொன்ன பதில் ஒன்றே: உன் சித்தப்பாவுக்குத்தான், வேறு யாருக்கு? கோயிலில் முதல் மரியாதை, பஞ்சாயத்தில் முதல் பேச்சு. என் நோட்டில் அந்த வரிக்குக் கீழே இரண்டு கோடு போட்டேன். வழக்கு முடிந்துவிட்டது என்று தோன்றியது. நான் செய்த தவறு அந்த நோட்டிலேயே இருந்தது, ஆனால் அப்போது தெரியவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன், கூத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போதே சித்தப்பா வந்தார். வருடத்தின் அந்தச் சமயத்தில் அவர் வந்ததே இல்லை. பையில் ஒன்றும் இல்லை. இளைத்திருந்தார். அப்பா வழக்கம்போலச் சட்டையை எடுத்தார். "அண்ணா, இன்னைக்கு ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போங்க" என்று சித்தப்பா வாசலை மறித்து நின்றார். முழங்கால் போய்விட்டது, வெறுங்காலோடு தோப்பு வரை நடக்க முடியவில்லை, மூச்சும் வாங்குகிறது என்றார். அவருடைய ஒரே மகன் நஞ்சன்கூட்டில் ஓர் ஆலையில் வேலை பார்க்கிறான். மூன்று நாள் விடுப்புக்கு மூன்று நாள் சம்பளம் போகும், முகத்தில் சாயமும் பூச மாட்டேன் என்று சொல்லிவிட்டான். ஊர் கூடிப் பேசியிருக்கிறது. முடியைக் கொடுத்தவர் வீட்டுக்கே திருப்பலாம், விதியைத் தளர்த்தி மூத்தவரையே கூப்பிடலாம் என்று முடிவு.

"நீங்க வரோணும்ண்ணா."

அப்பாவின் கை சட்டையின் முதல் பொத்தானில் நின்றது. அந்த அழைப்புக்காக அவர் எவ்வளவு காலம் காத்திருந்தார் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. பிறகு சொன்னார்: "கடைவீதி வரைக்கும் போயிட்டு வரேன். திரும்பி வந்ததும் ஒண்ணு கேப்பேன். அதுக்கு நேரா பதில் சொன்னா வரேன். சொல்லாட்டி வேற ராஜாவைப் பாத்துக்கங்க." அவர் என்ன கேட்பார் என்று வீட்டில் இருந்த எல்லோருக்கும் தெரியும்.

அவர் போனதும் நான் என் நாற்காலியைச் சித்தப்பாவின் எதிரில் இழுத்துப் போட்டேன். இத்தனை வருடமாகச் சேர்த்து வைத்த கேள்வி.

"அன்னைக்கு நீங்க எதுக்குப் பொய் சொன்னீங்க சித்தப்பா?"

"அது பழசு, விடு அம்மிணி."

"பழசைத் தோண்டுறதுதான் என் வேலை. முடி வேணும்னுதானே?"

அவருடைய கண் என் தோளுக்கு மேலாகச் சமையலறைப் பக்கம் போய்த் திரும்பியது. ஒரு நொடிதான். ஆனால் பார்வைகளைப் பதிவு செய்வதில் எனக்குப் பழக்கம் உண்டு. சமையலறையில் பாத்திரம் கழுவும் சத்தம் நின்றிருந்தது.

அம்மா ஈரக் கையோடு வெளியே வந்தாள். "அவரை ஏன் கேக்குற? சொல்லச் சொன்னது நான்."

எனக்குப் புரியவில்லை. அம்மா முந்தானையில் கையைத் துடைத்தாள். ஒவ்வொரு விரலாகத் துடைத்தாள்.

"முடி இருக்கிற வீட்டுப் பொண்ணு கல்யாணம் ஆகிற வரைக்கும் அந்தக் கல்லைத் தாண்டிப் படிக்கப் போகக் கூடாது. அவளைப் பாத்து ஊர்ல மத்தவங்களும் பொண்ணுங்களை அனுப்ப மாட்டாங்க. பள்ளிக்கூடம் கல்லுக்கு அந்தப் பக்கம். உனக்கு ஆறு வயசு ஆயிருச்சு. உங்கப்பாகிட்ட சொன்னேன். முடியா, படிப்பான்னு கேட்டா அந்த மனுசன் சிரிச்சாரு, பொட்டப்புள்ளைக்கு எதுக்குன்னு. கெட்டவர் இல்லை. முடி தலையில இருக்கிறவங்களுக்கு வேற ஒண்ணும் கண்ணுல படாது. அதான் தம்பியைக் கூப்பிட்டேன். உங்க வீட்ல பொண்ணு இல்லை, நீங்க எடுத்துக்கங்கன்னு சொன்னேன்."

"நான் முடியாதுன்னேன்" என்றார் சித்தப்பா மெதுவாக.

"ஒரு நாள் சொன்னீங்க. மறுநாள் சரின்னீங்க" என்றாள் அம்மா.

சித்தப்பா தலை குனிந்துகொண்டார். இத்தனை ஆண்டுகளில் அவர் வெட்கப்பட்டு நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

நான் எழுந்துபோய் என் நோட்டை எடுத்தேன். ஏன் எடுத்தேன் என்று தெரியவில்லை. விதிகள் எல்லாம் இருந்தன, முக்காலியின் உயரம் உட்பட. பெண்பிள்ளைகளைப் பற்றிய விதி மட்டும் இல்லை. நான் பேசிய ஐந்து பேரும் ஆண்கள். அவர்களுக்கு அது விதியாகவே தோன்றியிருக்காது. மழைக்காலத்தில் மழை பெய்யும் என்று யாராவது சொல்வார்களா? நானும் ஒரு பெண்ணிடமாவது கேட்க வேண்டும் என்று நினைக்கவில்லை. இரண்டு கோடு போட்ட வரியைப் பார்த்தேன். யாருக்கு என்ன கிடைத்தது? எத்தனை வகுப்பில் எத்தனை பேருக்கு அந்தக் கேள்வியைச் சொல்லிக்கொடுத்தேன். அப்பாவின் வனவாசத்தால் சித்தப்பாவுக்குக் கிடைத்தது ஜிகினா ஒட்டிய ஒரு மரத்துண்டு. எழுத்து, பட்டம், சம்பளம், இந்த நோட்டு, அதில் கோடு போட்ட பேனா எல்லாம் கிடைத்தது எனக்கு.

"அவர் வந்ததும் சொல்லிடு" என்றாள் அம்மா. "உண்மையைக் கண்டுபிடிக்கத்தானே இத்தனை படிச்சே. எனக்கு ஒண்ணும் பயமில்லை." அவள் இப்போதும் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டேயிருந்தாள். கை எப்போதோ காய்ந்துவிட்டது.

அப்பா வந்தார். கையில் ஒரு வெற்றிலைப் பொட்டலம். அவர் வெற்றிலை போடுவதில்லை. அழைக்க வந்தவருக்குக் கொடுக்க வாங்கியிருக்கிறார். போக வேண்டும் என்று முடிவு செய்துவிட்டுத்தான் கேட்க வந்திருக்கிறார். பதில் என்னவாக இருந்தாலும் இந்த வீட்டில் யாரோ ஒருவர் அதன் பிறகு அவரோடு ஒரே அறையில் இருக்க முடியாது. ஒன்று தம்பி, இல்லையென்றால் மனைவி.

"அன்னைக்கு யார் சொல்லி வந்து என்னைக் கூப்பிட்டே?" என்றார் அப்பா.

சித்தப்பா வாயைத் திறந்தார். "நாந்தாண்ணா, ஆசைப்பட்டு..." என்று ஆரம்பித்துவிட்டார். மூன்று தலைமுறைக் குற்றத்தைத் தன் தலையில் போட்டுக்கொள்ளப் போகிறார் என்று தெரிந்தது. அவர் சொல்லும் அந்த ஆசை முழுப் பொய்யும் இல்லை என்பதும் தெரிந்தது.

"நான்ப்பா" என்றேன்.

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"உங்களைப் பார்க்கணும்னு இருந்துச்சு. ரெண்டு நாளா வீட்டுக்கு வரலைல்ல. கால்ல தேள் கொட்டிருச்சுன்னு சித்தப்பாகிட்ட பொய் சொல்லி அழுதேன். அவர் நம்பிட்டார். நீங்க வந்தப்புறம் பயந்துபோய்ச் சொல்லலை. அப்புறம் எப்பவுமே சொல்ல முடியலை."

உண்மையை மட்டுமே எழுதுவேன் என்று தலைநிமிர்ந்து திரிந்தவள், யோசிக்காமல் ஒரு முழு ஆவணத்தைப் போலியாகத் தயாரித்துவிட்டேன். காலம், காரணம், சாட்சி, எல்லாம் கச்சிதமாக வந்து பொருந்தின. நான் சந்தேகிக்கிற பழைய அரண்மனை எழுத்தர்கள் யாரும் இவ்வளவு வேகமாக எழுதியிருக்க மாட்டார்கள்.

அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "கையிலன்னுல்ல வந்து சொன்னான் அன்னைக்கு" என்றார்.

அப்பா தம்பியைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். அம்மாவின் முந்தானையில் சற்று அதிகமாகவே அவர் கண் நின்றது. பொய் யாருடையது என்று அவருக்கு அந்த நொடியில் தெரிந்துவிட்டது. அது எனக்கும் தெரிந்தது, அம்மாவுக்கும் தெரிந்தது.

"ஆறு வயசுப் புள்ளை" என்றார் கடைசியில். "கைக்கும் காலுக்கும் வித்தியாசம் என்ன தெரியும்?" வெற்றிலைப் பொட்டலத்தைத் தம்பியின் கையில் வைத்தார். "எந்தக் கிழமை வரோணும்?"

அந்த மாசியில் ஊருக்குப் போனோம். அம்மாவும் வந்தாள். ஆய்வுக்கு வந்தபோது பேருந்திலேயே கடந்துபோன எல்லைக்கல்லை இந்த முறைதான் அருகில் பார்த்தேன், அது நான் நினைத்திருந்ததைவிடச் சின்னது. என் முழங்கால் உயரம்கூட இல்லை. அதைத் தாண்டிப் பள்ளிச் சீருடையில் பெண்பிள்ளைகள் காலைப் பேருந்துக்கு ஓடிக்கொண்டிருந்தார்கள். அந்த விதி எப்போது மறைந்தது என்று கேட்டேன். இந்த முறை பெண்களிடம் கேட்டேன். யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. "உன் சித்தப்பன் ராஜா ஆனப்புறம் யாரும் அதைப் பேசலை" என்றாள் ஒருத்தி. "வீட்ல பொண்ணு இல்லாத ராஜா. யாரைத் தடுக்குறது?" இன்னொருத்தி, "அவரா யாருகிட்டயும் சொல்லித் தடுத்ததில்லை, அனுமதிச்சதும் இல்லை. சும்மா இருந்துட்டாரு" என்றாள். அது அவருடைய நல்லெண்ணமா, சோம்பலா என்று நான் இன்னும் முடிவு செய்யவில்லை. நோட்டில் இரண்டையும் எழுதி வைத்திருக்கிறேன்.

மூன்று நாள் அப்பா தோப்பில் இருந்தார். சித்தப்பா முழங்கால் வலியோடு முடியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். நான்காம் நாள் காலை மேளத்தோடு போனோம். "யார் கூப்பிட்டு வந்தாய்?" என்று கேட்டார் பெரியவரின் மகன். "ஊர் கூப்பிட்டது, வந்தேன்" என்றார் அப்பா. கூட்டத்தில் நின்ற அம்மாவை அவர் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதில் கவனமாக இருந்தார் என்று எனக்குத் தோன்றியது. வீட்டுக்குத் திரும்பியதும், சித்தப்பா முக்காலியிலிருந்து முடியை எடுத்து அண்ணன் தலையில் வைத்தார். அது நழுவிப் புருவம் வரை இறங்கிவிட்டது. இத்தனை வருடத்தில் அதன் உள்பக்கத்தைக் கடைந்து சித்தப்பாவின் தலைக்கேற்ப அகலமாக்கியிருந்தார்கள்.

"உன்ற தலை பெருத்துப்போச்சுடா" என்றார் அப்பா, முடிக்குள்ளிருந்து.

"சும்மாவாண்ணா பெருக்கும்" என்றார் சித்தப்பா. கூட்டம் சிரித்தது. பதினெட்டு ஆண்டுகளுக்குப் பிறகு அவர்கள் ஒருவருக்கொருவர் சிரித்துச் சொன்ன முதல் வார்த்தைகள் இவை.

துணியை மடித்து உள்ளே வைக்கலாம் என்று யாரோ சொன்னார்கள். சித்தப்பா வேண்டாம் என்றார். அண்ணனுக்குப் பின்னால் போய் நின்று, இரண்டு கைகளாலும் முடியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். ஆரத்தி முடியும் வரை, பாட்டு முடியும் வரை, ஊர் முழுவதும் வரிசையில் வந்து கும்பிட்டுப் போகும் வரை, கால் நடுங்க நடுங்க அப்படியே நின்றார். நான் பக்கவாட்டில் நின்று அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். விரல் நுனிகள் வெளுத்திருந்தன. விழாமல் தாங்குகிற கையும், விட மனமில்லாத கையும் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுபோலவே இருக்கின்றன. போன மாதம் அவருடைய கைகளைச் சேர்த்துக் கட்டியபோதும் அதைத்தான் உற்றுப் பார்த்தேன். அப்பாவுக்கு முடி வைத்த அன்று, எல்லோரும் கும்பிட்டு முடித்ததும் கோயில் பொங்கல் வந்தது. சித்தப்பா தன் இலையிலிருந்து ஒரு கவளம் எடுத்துக் கொடுத்தார். வாங்கிச் சாப்பிட்டேன்.